இன்ஜினியர் தூங்கிய அறை

வீட்டு லோனுக்காகச் சுவரைப் பரிசோதிக்க வந்த பேங்க் இன்ஜினியர், அந்தச் சுவரிலேயே சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

கையில் பேனா. மடியில் ஃபாரம். பக்கத்தில் நான் கொடுத்த மோர், பாதி டம்ளர்.

நான் என்ன செய்வேன்? என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். எழுப்பவும் கூச்சம், விடவும் கூச்சம். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

1996, ஏப்ரல். வெளியே பெங்களூர் ஆடுகோடி முழுக்க வெயில் கொளுத்தியது. உள்ளே ஃபேன்கூடக் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். கூரை வார்க்கும்போது ஃபேனுக்கு ஒரு கொக்கிகூட விடவில்லை. அந்தச் சுவரில் முதுகை வைத்தால் போதும், மண்பானையைக் கட்டிக்கொண்ட மாதிரி ஜில்லென்று இருக்கும்.

கோவிந்தராஜன் என்று பெயர் சொன்னார். காலையிலிருந்து ஸ்கூட்டரில் சுற்றி நாலு வீடு பார்த்துவிட்டு ஐந்தாவதாக எங்களிடம் வந்தாராம். "ரெண்டு நிமிஷம் உக்காந்துக்கறேம்மா" என்றார். அந்த இரண்டு நிமிஷம் ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சுவரை நானும் என் வீட்டுக்காரரும்தான் கட்டினோம். அவர் பக்கத்து ஒர்க்ஷாப்பில் லேத் ஓட்டுகிறவர். எங்கேயோ கண்காட்சியில் ஒரு கை மெஷினைப் பார்த்துவிட்டுப் பித்துப் பிடித்த மாதிரி வந்தார். அஸ்திவாரம் தோண்டிய மண்ணையே சலித்து, துளி சிமெண்ட் சேர்த்து, மெஷினில் போட்டு அழுத்தினால் கல். சூளை வேண்டாம், விறகு வேண்டாம்.

"மரத்த எரிச்சுக் கல்லு சுட்டு, அப்புறம் நெழல் இல்லன்னு அழுவானுங்களா?" என்பார்.

ஞாயிறு ஞாயிறு அழுத்தினோம். அந்த மெஷினின் கைப்பிடியை இரண்டு பேரும் சேர்ந்து தொங்கித் தொங்கி இழுக்கவேண்டும். ஒரு நாள் என் கால் தரையை விட்டே கிளம்பிவிட்டது. அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அம்மாடி! அப்படி ஒரு சிரிப்பை அப்புறம் அவரிடம் நான் பார்க்கவே இல்லை.

ஒரு அறை எழும்பியது. மங்களூர் ஓடுகளை நடுநடுவே வைத்து வார்த்த கூரை. அதிலேயே குடி வந்துவிட்டோம்.

மீதி இரண்டு அறைக்குத்தான் லோன் கேட்டிருந்தோம். சுவர் நல்ல சுவர் என்று இன்ஜினியர் எழுதினால் பணம் வரும். எழுதாவிட்டால் எல்லாவற்றையும் இடித்துவிட்டுச் சுட்ட செங்கல்லில் முதலிலிருந்து கட்டவேண்டும்.

எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது? தெருவில் கன்னடக்காரர்கள் 'மண்ணின மனெ', மண் வீடு, என்று பெயரே வைத்துவிட்டார்கள். அல்சூரில் மாடி வீட்டில் இருந்த என் அக்கா லட்சுமம்மா, பால் காய்ச்சின அன்றைக்கு வந்து சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "பெங்களூருக்கு வந்தும் மண்ணுக்குள்ளயே கெடக்கிறியேடி" என்றாள், பத்துப் பேர் முன்னால். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் இந்த மனுஷன் தூங்குவதைப் பார்த்தபோது என்னமோ போலிருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தரை எங்கள் வீடு தூங்கவைத்துவிட்டதே என்று முதல் தடவையாகப் பெருமையாக இருந்தது.

திடுக்கிட்டு எழுந்தார். வெட்கப்பட்டார். மீதி மோரைக் குடித்தார். ஒன்றிரண்டு விஷயம் பேசினார், எழுதினார், போய்விட்டார்.

மூன்று வாரத்தில் பேங்கிலிருந்து கடிதம் வந்தது. மண் சுவருக்கு லோன் கிடையாது, செங்கல்லில் கட்டுவதானால் வரலாம்.

வீட்டுக்காரர் அதை நாலு தடவை படித்தார். மெஷினை விற்றார். அறையை இடிக்க ஆள் வைத்தார். சம்மட்டி போட்டும் சுவர் லேசில் விழவில்லை. எந்தப் பாவி கட்டினானோ என்று கூலியாட்கள் வைதார்கள். அந்தப் பாவி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆயிற்று, பதினோரு வருஷம். இப்போது செங்கல், கான்கிரீட், மேலே ஒரு மாடி. அக்கா வந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது என்றாள். ஏப்ரல் வந்தால் மத்தியானம் கூரையிலிருந்து அனல் இறங்குகிறது. மூன்று ஃபேன் ஓடினாலும் அவர் தரையில் புரண்டு புரண்டு படுக்கிறார்.

வெயில் காலத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்:

"நம்ம வீட்ல நல்லாத் தூங்கினான், எல்லம்மா. எழுந்து நம்ம வீட்டுக்கே குழி பறிச்சிட்டுப் போயிட்டான் பாரு."

"அவன் வெளங்குவானா?" என்று நானும் சேர்ந்து திட்டுவேன்.

பாவம் கோவிந்தராஜன். தூக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்:

"இன்னிக்குப் பாத்ததுல இதுதாம்மா வீடு. ஃபாரத்துல மண் கல்லுக்கு எடம் இல்ல, ஆனா நான் எழுதித் தரேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போன மழையில சுவர் கரைஞ்சுதா?"

போன மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. மழை விட்ட காலையில் வெளிச் சுவரை நானே உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பொட்டு மண் கையில் ஒட்டவில்லை.

"கரைஞ்சுது சார்" என்றேன்.