வாசலில் நிற்கும் ஆள்

பெரம்பலூரில் ஒரு கட்டட வரைபட ஆபீஸ். மத்தியான வெயிலுக்குச் சன்னலைச் சாத்திவிட்டு, மணிமொழி கணினித் திரையில் ஒரு வீட்டின் முகப்பு வளைவைக் களிமண்ணைப்போலப் பிசைந்து வடிக்கிறாள். மென்பொருளைக் கற்கத் தொடங்கி இருபதே நாள். விளிம்பு இன்னும் கோணலாகத்தான் வருகிறது. துபாயிலேயே இறந்து அங்கேயே அடக்கமாகிவிட்ட வீட்டுச் சொந்தக்காரர் போனில் சொல்லிச் சொல்லிக் கேட்ட வளைவு அது. அவர் மனைவி ஜுலைகா, கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா நாலு மாதமும் பத்து நாளும் முடிந்து இன்றுதான் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்திருக்கிறார். துப்பட்டி நுனியைப் பிடித்தபடி திரையையே பார்க்கிறார். வீடு மெல்லச் சுழல்கிறது. வாசலில் சாம்பல் நிறத்தில், முகமில்லாமல், ஓர் ஆண் உருவம்.

"அது யாரும்மா?"

"கதவு உயரம் தெரியறதுக்கு வச்சதுங்கக்கா. எடுத்துடறேன்."

மணிமொழி மவுஸை நகர்த்துகிறாள். ஜுலைகாவின் விரல் திரையைத் தொடாமல், அந்த உருவத்தருகே நிற்கிறது.

"எடுக்காதம்மா. அவங்கள வூட்டுக்குள்ள வர வைக்க முடியுமா?"