ரப்பர் பேண்டோடு ஒரு பேரம்

டிவி பெட்டிக்குள் இடிபட்டு, குப்பைத் தொட்டிவரை போய் மீண்ட தெர்மாகோல் ஒன்று, சேவியர் கையில் ரிமோட் விமானத்தின் இறக்கையாகிவிட்டது. இனி குப்பைக்குப் போவதில்லை, பறந்தே தீருவது என்று அதற்கு வெறி. தன்னைக் கட்டியிருப்பது வெறும் ரப்பர் பேண்டு என்று தெரிந்ததும் கோபம் தலைக்கேறியது.

"வாலைப் பாரு, பசை போட்டு ஒட்டியிருக்கு. எனக்கு நீயா? விடமாட்டேன்னு வாக்குக் குடு."

"தரையில மோதினா விட்டுடுவேன்," என்றது ரப்பர் பேண்டு.

"என்னய்யா இது! பாதியாவது பிடிச்சுக்கோ."

"மோதுற வரைக்கும் முழுசா பிடிப்பேன். மோதினா முழுசா விடுவேன். அவ்வளவுதான்."

வால் நமுட்டுச் சிரிப்பு சிரித்தது. "என் பசை உயிரே போனாலும் விடாது."

கிளம்பிய விமானம் காற்றில் புரண்டு மைதானத்தில் தலைகுப்புற விழுந்தது. சொன்னபடியே ரப்பர் பேண்டு விட்டது. இறக்கை துள்ளிப் புல்லில் விழுந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தது, தன்னைப் பார்த்தது, மூடிக்கொண்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அந்தப் பக்கம் பசை ஒட்டிய இடம் அப்படியே இருந்தது. வால்தான் இரண்டாக முறிந்திருந்தது.

சேவியர் வாலுக்கு டேப் சுற்றிவிட்டு, இறக்கையைத் தூக்கி வைத்தார்.

"யோவ், வா," என்றது இறக்கை ரப்பர் பேண்டிடம். "நல்லா இழுத்துப் பிடி. ஆனா மோதினா விடணும், மறந்துடாதே!"

இந்த முறை விமானம் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறியது. காக்கைகள் பதறி விலகின. இறக்கை நெஞ்சை விரித்து மைதானத்தையே ஒரு வட்டம் அடித்தது.

பின்னாலிருந்து வாலின் குரல் மெதுவாகக் கேட்டது: "அந்த ரப்பர் பேண்டுக்குத் தம்பி யாராவது இருக்கானா?"