மூவருக்கான டாங்கி

டவுன்டவுன் அருங்காட்சியகத்தில் சிவநேசம் துடைக்கும் பிரித்தானிய டாங்கி மூன்று பேருக்கானது. போர்க்காலத்தில் வண்டி நின்றதுமே அவர்கள் இறங்கித் தேத்தண்ணி வைப்பார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து, காலையில் அதன் பக்கத்தில் மூன்று கோப்பைத் தேத்தண்ணி வைக்கிறாள். தரை துடைத்து முடிக்கும்போது அவை காலியாக இருக்கும். ஏன் என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

“வன்னியில காணாமப்போன உங்கட மகனுக்கும் ஒண்டு வையுங்கோவன், அன்ரி,” என்றாள் கூட வேலை செய்யும் நிருஷா.

“செத்தவைக்குத்தான் படைக்கிறது. அவன் வருவான்.”

இன்று முதுகு வலி. தன் கோப்பையையும் அங்கேயே வைத்துவிட்டுத் தரையைத் துடைத்தாள். திரும்பி வந்தபோது நான்கும் காலி. நீரிழிவு என்பதால் அவள் சீனி போடுவதில்லை. அவளுடைய கோப்பையின் அடியில், மகன் குடித்துவிட்டு வைப்பதுபோலவே, கலக்காத சீனி கிடந்தது.