வாய்ப்பு குறைவு

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. கணக்குப் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த காந்திமதி இடது கையால் ஃபைலை நீட்டியதும் ஆடிட்டர் நிவாஸுக்குச் சுருக்கென்றது. முந்தானைக்குள் இருக்கும் வலது கையை எடுத்தால் குறைந்தா போய்விடுவாள்?

“பிரஸ் மெஷின் விபத்துக்கு நஷ்டஈடு கேட்டு ஒரு கேஸ் இருக்கே. கம்பெனி தோத்துடும்னு தெரிஞ்சா இந்த வருஷக் கணக்குலயே பணம் ஒதுக்கணும். அதுதானே உங்க கணக்குக் கொள்கை? ஏன் ஒதுக்கல?”

“தோக்க வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னு எழுதச் சொன்னாரு மேனேஜர்.”

“எதை வச்சு?”

“வேலை போயிடும்னு பயந்துகினு கேஸை வாபஸ் வாங்கிடுவாங்களாம், சார்.”

“கேஸ் போட்டவங்களைக் கேட்டீங்களா?”

“யாரும் கேக்கல சார்.”

“நல்லா இருக்கும்மா! கேக்காமலே எழுதிடுவீங்களா? முதல்ல போய்க் கேளுங்க, வாபஸ் வாங்குவாங்களான்னு.”

காந்திமதி எழுந்து போகவில்லை. முந்தானையை விலக்கி, வலது கையை மேஜைமேல் வைத்தாள். அதில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

“வாங்க மாட்டேன் சார். அப்படியே எழுதிக்குங்க.”