சுவர் ஏறி வந்த புடலங்காய்

"இந்தாங்க டெய்லரே! உங்க கொடி மறுபடியும் எங்க பக்கம் வந்துடுச்சு. வெட்டறீங்களா, இல்ல நானே வெட்டட்டுமா?"

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"அது வெயிலைத் தேடி வருதும்மா. யார் வீட்டுச் சுவர்னு அதுக்கு என்ன தெரியும்?"

"கொடிக்குத் தெரியாது. வச்சவருக்குத் தெரியணும்ல?"

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. என் வாய்க்கு முன்னால் யார்தான் நிற்க முடியும்?

தோட்டம் போடுகிறாராம், தோட்டம்! காசு கொடுத்து ஒரு தொட்டி வாங்கியிருப்பாரா? ஓட்டை வாளி, வாய் உடைந்த குடம், பெயின்ட் டப்பா, கிழிந்த சாக்கு. தெருவில் யார் எதைத் தூக்கிப் போட்டாலும் மறுநாள் அது அவர் வீட்டுக் கொல்லையில் மண்ணோடு உட்கார்ந்திருக்கும். விதைக்கும் செலவு கிடையாது. அழுகின தக்காளியைப் பிழிந்து விடுவார். சமையலுக்கு வைத்த தனியாவைச் செருப்பால் தேய்த்துத் தூவுவார். இலை ஆய்ந்து எறிந்த புதினாக் காம்பை நட்டுவிட்டு, துளிர்த்துவிட்டதென்று தெருவையே கூப்பிட்டுக் காட்டுவார். கொடி கட்டக் கயிறாவது வாங்கினாரா? தைத்து மிஞ்சின துண்டுத் துணிதான். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ஜென்மம்!

ஒருநாள் வாளியோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"காய்கறித் தோல் இருந்தாக் குடுங்கம்மா. உரத்துக்கு ஆகும்."

"ஏன், எங்க வீட்டுக் குப்பை மேலயும் கண்ணா?" என்று கதவைச் சாத்தினேன்.

தோல் இருந்தால்தானே கொடுக்க? என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அச்சகத்தை மூடி அப்போது மூன்று மாசம். காய்கறிக் கடைப் பக்கமே நான் போவதில்லை. அது தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. இவர் வழக்கம்போல எட்டு மணிக்கு டிபன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பைக்குள் தண்ணீர் பாட்டில் மட்டும் இருக்கும். நாளெல்லாம் வேலை தேடி அலைந்துவிட்டு ஆறு மணிக்கு வருவார்.

"பசியைக்கூடப் பொறுத்துக்கலாம். ஐயோ பாவம்னு ஒருத்தர் நம்மளைப் பார்த்தா என்னால தாங்க முடியாது" என்று இவரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் புடலங்கொடி முதல் தடவையாகச் சுவர் ஏறி எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது.

அது கொடியா, படையா? பின்னாலேயே அவரைக் கொடியும் வந்தது. தக்காளி வாளிகள்கூடச் சுவர் மேல் ஏறி, எங்கள் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தன. தொங்கின புடலம் பிஞ்சு ஒவ்வொன்றின் நுனியிலும் துணியில் கட்டின ஒரு கல். வளையாமல் நீளமாக வளர்வதற்காம்.

"கையை நீட்டிக் கல்லு கட்டறாரே! நம்ம பக்கத்துலயும் அவருக்குப் பாத்தியதையா?" என்று கொதித்தேன்.

"பறிச்சுக்கலாமா?" என்றார் இவர், மெதுவாக.

"பின்னே? வரம்பு மீறினதுக்கு அபராதம்!"

தினமும் சுவரைப் பார்த்து நாலு வார்த்தை கத்துவேன். அப்புறம் பறிப்பேன். முதல் காயைப் பறித்துச் சமைத்த அன்றைக்கு எங்கள் பெண் ரொம்ப நாள் கழித்து இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "என் காயை ஏன் பறிச்சீங்க" என்று அந்த மனுஷன் ஒரு நாளாவது கேட்க வேண்டுமே? பயந்தாங்கொள்ளி!

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். டெய்லர் பெண்டாட்டி தெருவில் தள்ளுவண்டிக்காரரிடம் புடலங்காய் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன், உங்க தோட்டத்துல காய்க்கலையா?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"எங்க பக்கம் காய்ப்பு கொஞ்சம் கம்மிங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள். சாமர்த்தியம் இல்லாத தோட்டத்துக்கு ஜம்பத்தைப் பாருங்கள்!

இரண்டு மாசத்துக்கு முன்னால் இவருக்கு வேறு அச்சகத்தில் வேலை கிடைத்தது. இப்போது நானும் கூடை நிறைய வாங்குகிறேன். இனிமேல் எனக்கு எதற்கு இந்தக் குப்பைக் காடு? நேற்று ஒரு முடிவோடு, கையில் இவருடைய பேன்ட்டையும் எடுத்துக்கொண்டு டெய்லர் வீட்டுப் படி ஏறினேன்.

"இடுப்பு இறுக்குதாம். பிரிச்சு விடணும். அப்புறம், அந்தக் கொடியை நாளைக்குள்ள வெட்டலைன்னா நடக்கிறதே வேற!"

டெய்லர் அளவு நோட்டைப் புரட்டி எங்கள் வீட்டுப் பக்கத்தை எடுத்தார். முப்பத்தாறு. அதை அடித்து முப்பத்துநாலு. அதையும் அடித்து முப்பத்திரண்டு. கடைசி அளவுக்குப் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். கொடி சுவர் ஏறின அதே வாரம்.

"வாக்கிங் போறேன், இளைச்சுட்டேன்னுதான் சார் ரெண்டு தடவையும் பிடிக்கச் சொன்னார்" என்றார் டெய்லர், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல். "இப்ப எவ்வளவு பிரிக்கணும்மா?"

"ரெண்டு இஞ்ச்" என்றேன். பேன்ட்டை மெஷின் மேல் வைத்தேன்.

டெய்லர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உள்பக்கம் திரும்பிப் பெண்டாட்டிக்குக் குரல் கொடுத்தார்.

"ஏய், கேட்டியா? பக்கத்து வீட்டு சார் பேன்ட் பிரிக்க வந்திருக்கு! இனிமே கொடியை நம்ம பக்கமே இழுத்துக் கட்டலாம்!"