செம்புக் குழாயில் பனி

தஞ்சாவூரில் தங்கை ஃபிளோரா வாங்கப்போகும் வீட்டின் மொட்டைமாடியில் சகாயம்மாள் நிற்கிறாள். சித்திரை வெயில் தரையைச் சுடுகிறது. ஏசி பெட்டியின் செம்புக் குழாயில் மட்டும் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது. ஏசி மெக்கானிக் பெண்டாட்டியான அவளுக்குத் தெரியாதா, இப்படிப் பனி படிந்தால் கேஸ் கசிகிறது என்று. ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிறவன் வீட்டில் சுற்றுவது ஒரு ஃபேன்தான். இப்போது வாயைத் திறக்காவிட்டால், பத்து நாளில் ஃபிளோராவும் வேர்த்துக் கிடப்பாள். அந்த நினைப்பு நெஞ்சுக்குள் இனிக்கிறது. விரல்கள் தாமாகக் கழுத்து ஜெபமாலையைத் தேடுகின்றன. “கீழ ஊட்டியாட்டம் இருக்கு, நீ இங்க நின்னு என் ஏசிக்குக் கண்ணு வைக்கிறியாக்கா?” சிரித்தபடி படியேறி வந்த ஃபிளோரா, தன் முந்தானையால் அக்காவின் நெற்றி வேர்வையை ஒற்றுகிறாள். சகாயம்மாள் பனியைச் சுரண்டிக் காட்டுகிறாள். “கேஸ் லீக்குடி. வீட்ட விக்கிறவங்க சரிபண்ணிக் குடுத்தப்புறம் கையெழுத்துப் போடு.” ஃபிளோரா பதறிக் கீழே ஓடுகிறாள். சகாயம்மாள் ஈர விரலைத் தன் கழுத்தில் வைத்துக்கொள்கிறாள், சில்லென்று இருக்கிறது.