பேனலுக்குப் பொட்டு

"எவன்டா புதுக் கரண்ட் பேனல்ல பெயிண்ட்டைச் சுரண்டுனது?" அம்பத்தூர் பட்டறை முதலாளி தணிகைவேலு கத்தினார்.

"நான்தாண்ணே," என்றான் ஃபிட்டர் ஜுல்ஃபிகர். "உள்ள டிரான்ஸ்ஃபார்மர் கீது. எர்த் வயரு வெறும் இரும்புல பட்டாதான் புடிக்கும். பெயிண்ட் மேல முறுக்குனா, கரண்ட் லீக் ஆவும்போது பேனலைத் தொடுறவன் காலி."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? ஒண்ணும் ஆவாது. நாளைக்கு ஆயுத பூஜை. பாக்குறவன் காறித் துப்புவான்."

அவரே பெயிண்ட் அடித்தார். காய்ந்ததும் அதன் மேலேயே வயரை முறுக்கிக் கரண்ட்டும் கொடுத்தார்.

மறுநாள் பூஜைக்கு எல்லோரும் செருப்பை வாசலில் விட்டிருந்தார்கள். முதலாளி வெறுங்காலோடு லேத்துக்குப் பொட்டு வைத்தார், டிரில்லிங் மெஷினுக்கு வைத்தார். பேனலுக்கு முன்னால் வந்ததும் கை நின்றது.

"இன்னாண்ணே, வைங்க," என்றான் ஜுல்ஃபிகர், பல்லைக் கடித்துக்கொண்டு.

முதலாளி யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போய், தன் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.